கடைசியில் சேர்க்க வேண்டியது

எலுமிச்சையக்கா என்று கூப்பிட்டால்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள். சொந்தப் பெயரைச் சொன்னால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று தன்பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த ஆய்வுக்கூடத்தில் அந்தப் பட்டப்பெயர் அவளோடு அப்படி ஒட்டிப்போயிருந்தது. வைத்தவன் வேலையை விட்டுப் போயே பல வருடங்கள் ஆகின்றன. பெயர் மட்டும் போகவில்லை.

அவள் வேலை என்னவென்றால், சமையல். சிரிக்காதீர்கள், அங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். காலையில் இறைச்சிக் கூடத்திலிருந்து ஒரு ஃபிளாஸ்க் வரும். உள்ளே வெதுவெதுப்பான உப்புநீரில் மாட்டின் சினைப்பைகள் மிதக்கும். கறிக்கு ஆகாது என்று அவர்கள் தூக்கிப்போடுவதை இவர்கள் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வருவார்கள். அதில் மெல்லிசாக ஒரு துண்டைச் சீவி, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து, ஊசி முனையால் உருண்டைகளைப் பிரித்தெடுக்க வேண்டும். புத்தகத்தில் அதற்கு ஃபாலிக்கிள் என்று பெயர். இவர்களுக்கு அது உருண்டை. நடுவில் ஒரு முட்டை, சுற்றிலும் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு செல்கள், எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டு ஒரு மெல்லிய தோல். கடுகில் கால்வாசி இருந்தால் பெரிது. அதை உடம்புக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் வைத்து வளர்க்கப் பார்க்கிறார்கள். அதற்கு ஊற்றுகிற சாப்பாட்டைக் கலக்குவதுதான் எலுமிச்சையக்காவின் வேலை.

உப்பு, சர்க்கரை, ஹார்மோன் என்று வரிசையாகப் போட்டுக் கடைசியில் துளியூண்டு வைட்டமின் சி சேர்ப்பாள். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "இதுக்குப் போய் ஏன்க்கா தராசெல்லாம்? ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு விட்டா ஆச்சு!" கேட்டுவிட்டுத் தாங்களே சிரித்தும் கொள்வார்கள். அவள் சிரிக்காமல், "பிழி. புளிப்புல எல்லாம் சுருண்டு சாகும். அள்ளிப் போடற வேலையும் உன்னோடது" என்பாள்.

அந்தத் துளியூண்டில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தக் காலத்தில் கப்பலில் மாதக்கணக்காகப் போனவர்களுக்குப் பழம் காய் கிடைக்காமல் ஈறு கிழிந்து ரத்தம் கொட்டியது எதனாலோ, இந்த உருண்டைகள் கிழிவதும் அதனால்தான். அந்த மெல்லிய தோலுக்குள் ஓடும் நூல்களை முறுக்கேற்றி இறுக்குவது வைட்டமின் சி. அது இல்லாவிட்டால் நூல் தளரும், தோல் நைந்துபோகும், உள்ளே இருக்கும் முட்டை பிதுங்கி வெளியே வந்துவிடும். வெளியே வந்த முட்டைக்கு அதோடு கதை முடிந்தது.

ஆனால் இந்த வைட்டமின் இருக்கிறதே, அது பெரிய சீமாட்டி. தண்ணீரில் கலந்த நிமிடத்திலிருந்தே வாடத் தொடங்கிவிடும். ராத்திரி முழுக்க வெதுவெதுப்பில் கிடந்தால், காலையில் பேருக்குத்தான் இருக்கும். அதனால் மற்றதையெல்லாம் முதல் நாள் மாலையே கலந்து இன்குபேட்டரில் வைத்துவிடுவார்கள். மறுநாள் காலையில் ஒருவர் உருண்டைகளைப் பிரிக்க, இன்னொருவர் பக்கத்திலேயே வைட்டமினை நிறுத்துக் கலக்கிச் சுடச்சுட ஊற்ற வேண்டும். எப்படிப் பார்த்தாலும் ரெண்டு பேர் வேலை. "வைட்டமின் சி கடைசியில. கையோட." இதை எலுமிச்சையக்கா சொல்லாத நாள் கிடையாது. யாராவது முன்கூட்டிக் கலந்துவிட்டால் அவள் வாயில் விழுந்து எழுந்திருப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அப்படிப்பட்டவள்தான் அந்தத் தப்பைச் செய்தாள்.

அவளுக்கு ஒரே ஒரு தங்கை. வீட்டில் வாயாடி என்பார்கள். தூக்கத்தில்கூடப் பேசுவாள். அம்மா துணி வெளுக்கும் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருவாள் என்பதால் தங்கையைக் குளிப்பாட்டியது, தலைவாரியது, பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது எல்லாம் அக்காதான். அப்படி வளர்ந்த வாயாடி, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அடிக்கடி காய்ச்சல் என்று படுத்தாள். உடம்பெல்லாம் அடிபட்டது போல நீலம் பூத்தது. பரிசோதனை செய்து பார்த்தபோது ரத்தப் புற்றுநோய் என்றார்கள்.

மருத்துவர் நல்ல மனுஷி. ஒளிக்காமல் சொன்னாள். மருந்து கொடுத்தால் பிழைத்துக்கொள்வாள், ஆனால் அந்த மருந்து சினைப்பையைச் சும்மா விடாது. வேண்டுமானால் அதற்கு முன்னால் சின்னதாக ஒரு துண்டை வெட்டி எடுத்து உறைய வைத்துக்கொள்ளலாம்.

"உசுரு பொழச்சா போதும்மா, அதெல்லாம் எதுக்கு?" என்று அம்மா அழுதாள்.

"நீ சும்மா இரும்மா. எடுங்க டாக்டர். எடுத்து வைங்க" என்றாள் அக்கா. அப்போது அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்திக்கொண்டிருந்தாள். "பின்னாடி அதை உள்ளயே திருப்பி வச்சிடலாம் இல்லையா?"

"வேற நோய்னா வைக்கலாம். இது ரத்தத்துல இருக்கிறதுனால, அந்தத் துண்டு வழியா நோயும் திரும்ப உள்ள போயிடலாம். வெளியிலயே முட்டையை வளத்தாத்தான் உண்டு."

"அதை எங்க வளக்கறாங்க?"

"இன்னும் யாரும் முழுசா வளத்து முடிக்கலம்மா. முயற்சி பண்ணிட்டிருக்காங்க."

முயற்சி செய்துகொண்டிருப்பவர்கள் யார் என்று விசாரித்துக்கொண்டு அவள் போன இடம்தான் இந்த ஆய்வுக்கூடம். முதலில் கண்ணாடிக் குடுவை கழுவத்தான் எடுத்தார்கள். ஊசி குத்திச் சம்பாதித்ததைவிடக் குறைந்த சம்பளம். போடி பைத்தியக்காரி என்று தெரிந்தவர்கள் எல்லாரும் திட்டினார்கள். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. குடுவை கழுவியவள் மெல்லத் தராசுக்கு வந்தாள், தராசிலிருந்து மைக்ராஸ்கோப்புக்கு வந்தாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் இப்போ வேண்டாம், இப்போ வேண்டாம் என்றே தட்டிக்கழித்தாள். மருத்துவமனையின் ஒரு மூலையில், திரவ நைட்ரஜன் தொட்டிக்குள், தங்கையின் துண்டு ஒரே ஒரு குப்பியில் கிடந்தது. அக்காவின் வாழ்க்கை அந்தக் குப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

வாயாடி பிழைத்தாள். உதிர்ந்த முடி வளர்ந்தது. திரும்பக் கண்ணாடிக் கடைக்குப் போய், லென்ஸ் பொருத்தும் வேலையில் கெட்டிக்காரி என்று பேரெடுத்தாள். ஒரு பேருந்து ஓட்டுநரைப் பிடித்துப்போய், எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட்டுக் கட்டிக்கொண்டாள். அந்த மனிதர், "எனக்கு வண்டியில ஏத்தறதுக்கே ஊர்ப்பட்ட பிள்ளைங்க இருக்கு, நீ வா" என்றாராம். மருத்துவர் சொன்னபடியே ஆகியிருந்தது. மாதவிலக்கு நின்றது நின்றதுதான்.

அக்கா தங்கையைப் பார்க்கும்போதெல்லாம், "அடுத்த வருஷம் ஆயிடும்டி. மாட்டோடது நல்லா வளருது, மனுஷங்களோடதும் வந்துடும்" என்பாள்.

"உன் அடுத்த வருஷம் எப்பவும் அடுத்த வருஷமாவே இருக்கேக்கா" என்று வாயாடி சிரிப்பாள்.

அது உண்மைதான். மாட்டின் உருண்டைகள் இவள் கையில் தளதளவென்று வளர்ந்தன. மனிதர்களுடையது கொஞ்ச தூரம் வந்து நின்றுவிடும். குழந்தை வரைக்கும் போகிற பாதை இன்னும் நீளமாகவே கிடந்தது. வருடங்கள் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுச் சமையலறையில் இருவரும் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது வாயாடி பேச்சை எடுத்தாள்.

"அக்கா, ஆஸ்பத்திரியில கேக்கறாங்க, அந்தக் குப்பியை என்ன பண்றதுன்னு. எனக்கு வயசாயிடுச்சு. இனிமே பிள்ளையெல்லாம் வேணாம். தூக்கிப் போடவும் மனசு வரல. உங்க லேப்புக்கே எழுதிக் குடுத்துடறேன்."

அக்காவின் கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது. "அவசரப்படாதடி. இன்னும் கொஞ்ச நாள்..."

"ஒண்ணே ஒண்ணு. நீதான் வளக்கணும். கொஞ்சமா வளந்தாலும் போதும். வளந்ததும் ஒரே ஒரு தடவை நான் பாக்கணும்."

"பாத்து என்ன பண்ணப் போற?"

"ஒண்ணும் பண்ணல. பாக்கணும், அவ்வளவுதான். எல்லாரும் வயித்தைத் தடவித் தடவிப் பாக்கறாங்க. நான் உன் மைக்ராஸ்கோப்புல பாத்துக்கறேன்." சொல்லிவிட்டு அவள் சிரித்தாள்.

ஆய்வுக்கூடத் தலைவியை எல்லாரும் மேடம் என்றுதான் சொல்வார்கள். அவள் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. "யாரோடதுன்னு தெரியாமத்தான் இங்க எதுவும் வரணும். சொந்தக்காரங்கன்னா கை நடுங்கும்மா. வேற யாராவது செய்யட்டும்." எலுமிச்சையக்கா காலில் விழாத குறைதான். ஆய்வு நெறிமுறைக் குழுவில் பேசி, அனுமதி வாங்கி, மேடம் ஒரு நிபந்தனையோடு விட்டாள்: "பனிக்கட்டி உன் பக்கத்துலயே இருக்கணும்."

பனிக்கட்டி என்பது நைட்ரஜன் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவர். உறைந்ததைப் பக்குவமாக உருக்குவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அதிராமல் பேசுவார், அசையாமல் நிற்பார், அதனால் அந்தப் பெயர்.

கையெழுத்துப் போட வந்த அன்று வாயாடி, "எப்படி இருக்கும்னு காட்டேன்" என்று அடம்பிடித்தாள். அக்கா இன்குபேட்டரிலிருந்து மாட்டு உருண்டைகள் இருந்த கிண்ணம் ஒன்றை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். அவை போட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தன. வாயாடி தன் கைப்பையிலிருந்து லென்ஸ் துடைக்கும் துணியை எடுத்து, கண் வைக்கும் இடத்தை முதலில் நன்றாகத் துடைத்தாள். "என்னக்கா இவ்வளவு அழுக்கா வச்சிருக்கீங்க?" பிறகு குனிந்து பார்த்தாள். "ஐயோ, நிலா மாதிரி இருக்கே! அதென்ன ஓரத்துல கொக்கி மாதிரி?"

அக்கா பார்த்தாள். கிண்ணத்தின் அடியில் ஊசி பட்டுக் கீறியிருந்தது. "கீறல்டி. அதனால ஒண்ணும் ஆகாது."

"எங்க கடைன்னா இதைத் திருப்பி அனுப்பிடுவோம். கீறல் விழுந்த சரக்கெல்லாம் வாங்கி வச்சிருக்கீங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் பனிக்கட்டிகூடச் சிரித்துவிட்டார்.

குப்பியை உருக்கப் போகும் நாளுக்கு முதல் நாள் மாலை, எலுமிச்சையக்கா பனிக்கட்டியிடம் போனாள்.

"நாளைக்கு நீங்க வர வேணாம். நானே பாத்துக்கறேன்."

"ரெண்டு பேர் வேலைக்கா அது."

"எனக்குத் தெரியாதா? என் தங்கச்சியோடது. வேற கை படறதே எனக்குப் பிடிக்கல. தப்பா எடுத்துக்காதீங்க."

"மேடம் சொன்னாங்களே."

"மேடம்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார், அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. மற்றவர்கள் கிளம்பிப் போனபின் அவள் தராசின் முன் உட்கார்ந்து சாப்பாட்டைக் கலக்கினாள். கலக்கிக்கொண்டே மறுநாளை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். உருக்க வேண்டும், ஒவ்வொரு கரைசலாக மாற்றி அலச வேண்டும், சீவ வேண்டும், பிரிக்க வேண்டும். ரெண்டே கை. வைட்டமினை நிறுக்க எழுந்து போனால் அந்த நேரம் முழுக்க உருண்டைகள் மேசையில் குளிர்ந்து கிடக்கும். தங்கையின் உருண்டைகள், அநாதை மாதிரி. இன்றைக்கே போட்டுவிட்டால் என்ன? ஒரு ராத்திரிதானே? புதுப் புட்டி, நல்ல சரக்கு. கொஞ்சம் வாடினாலும் மிச்சம் இருக்காதா?

அடி பாவி! வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் அவள் என்ன ஆட்டம் ஆடியிருப்பாள்! மாட்டுக்குச் செய்யாததைத் தங்கைக்குச் செய்தாள். வைட்டமினை நிறுத்துப் போட்டாள், மூடினாள், இன்குபேட்டரின் வெதுவெதுப்பில் வைத்தாள். வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கவும் செய்தாள். அந்த நிம்மதியை நினைத்தால்தான் பின்னால் அவளுக்கு ஆறவே ஆறவில்லை.

மறுநாள் காலையில் எல்லாம் வெண்ணெயாய் நடந்தது. கை நடுங்கவில்லை. துண்டு நன்றாக உருகியது. உருண்டைகள் கொஞ்சம்தான் கிடைத்தன, ஆனால் நல்லவையாகக் கிடைத்தன. சின்னஞ்சிறுசாக, வட்டமாக, தோல் கிழியாமல். அவள் அவற்றோடு பேசிக்கொண்டே வேலை செய்தாள். "வாங்க, வாங்க, எத்தனை வருஷத் தூக்கம்!" என்றாள். ஒரு நொடிகூட வெளியில் காக்க வைக்காமல் சாப்பாட்டுக்குள் விட்டாள். அந்தக் கலவைக்கு எப்போதும் ஒரு சிவப்பு நிறம் உண்டு. அதில் வாடிப்போன வைட்டமினின் மஞ்சள் யார் கண்ணுக்கும் தெரியாது. வேலை முடிந்த கையோடு தங்கைக்குப் போன் போட்டாள்.

"நல்லா இருக்குடி. எல்லாம் உன்னை மாதிரியே கொழுகொழுன்னு இருக்கு."

"பேசுதா?" என்று கேட்டாள் வாயாடி.

கிண்ணத்துச் சாப்பாட்டை முதல் முறை மாற்றியபோது புதிதாக வைட்டமின் சேர்த்துத்தான் ஊற்றினாள். ஆனால் அதற்குள் தோல் ஓரம் நைந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பார்க்காதது போல மூடி வைத்தாள். அடுத்த முறை கிண்ணத்தை எடுத்தபோது உருண்டைகள் எல்லாம் பிரிந்து கிடந்தன. முட்டைகள் வெளியே வந்து, கறுத்து, சுருங்கியிருந்தன. இதே கோலத்தை எத்தனையோ தடவை மாட்டின் கிண்ணத்தில் பார்த்திருக்கிறாள். வைட்டமின் சேர்க்காமல் விட்டுப் பார்க்கிற சோதனைக் கிண்ணங்களில் எல்லாம் இதேதான். புதியவர்களைக் கூப்பிட்டு, "பாத்துக்கோ, இப்படித்தான் ஆகும்" என்று காட்டுகிறவளே அவள்தான்.

மேடத்திடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னாள். மேடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"எப்படியும் போயிருக்கலாம்மா. இத்தனை வருஷம் உறைஞ்சு கிடந்தது. போகாமலும் இருந்திருக்கலாம். ஒப்பிட்டுப் பாக்க ரெண்டாவது குப்பி இல்லையே. இதை நீ எவ்வளவு யோசிச்சாலும் விடை கிடைக்காது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "தங்கச்சிகிட்ட இன்னிக்கே சொல்லிடு. தள்ளிப் போடாதே."

சரி மேடம் என்று தலையாட்டிவிட்டு வந்தாள். வந்தவள் என்ன செய்தாள் தெரியுமா? வளராமல் போனதையும் மருந்தில் ஊற வைத்து, மெல்லிசாகச் சீவி, சாயம் போட்டுக் கண்ணாடித் தகட்டில் பத்திரப்படுத்துவது அங்கே வழக்கம். செத்ததையும் பார்க்க வேண்டுமே. பனிக்கட்டி அதற்கான குப்பியைக்கூட எடுத்து மேசையில் வைத்திருந்தார். அவள் அதைத் தொடவில்லை. தங்கையின் கிண்ணத்தை அப்படியே கழிவுப் பையில் போட்டு, முடிச்சுப் போட்டு, கிருமி சாக நீராவியில் வேகவைக்கும் பானைக்குள் தன் கையாலேயே வைத்து மூடினாள்.

"எடுத்து வைக்கலையாக்கா?" என்றார் பனிக்கட்டி.

"எதுக்கு? பாக்க நல்லாவா இருக்கு?"

தங்கைக்கு அன்றைக்குப் போன் செய்யவில்லை. மறுநாளும் செய்யவில்லை. வாயாடியே கூப்பிட்டாள். "எப்படி இருக்கு என் ஆளு?" "இருக்குடி." இந்த ஒரு சொல் வாயிலிருந்து விழுந்தபின் அதை எடுக்க வழியில்லாமல் போயிற்று. அடுத்த முறை, "வளருது" என்றாள். அதற்கடுத்த முறை வாயாடி, "இந்த வாரம் நான் லீவு போட்டுட்டு வரேன், காட்டு" என்றாள்.

வாயாடி புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். தலையில் பூ இல்லை, அவ்வளவுதான், மற்றபடி பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் நிற்கப் போகிறவள் மாதிரி இருந்தாள். "என்னடி இது?" என்று அக்கா கேட்டதற்கு, "முதல் தடவை பாக்கப் போறேன், அழுக்குத் துணியோடயா வருவாங்க?" என்றாள். அக்கா அப்போதாவது வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

இன்குபேட்டரைத் திறந்து, அன்றைக்கு இருந்ததிலேயே அழகான உருண்டைகள் இருந்த கிண்ணத்தை எடுத்து வைத்தாள். மாட்டினுடையதுதான். இந்த இடைவெளியில் அவை நன்றாகப் பெரிதாகி, நடுவில் முட்டை பளிச்சென்று தெரிய, தோல் விண்ணென்று இருந்தன. பனிக்கட்டி அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு அறையை விட்டு வெளியே போனார்.

வாயாடி லென்ஸ் துணியை எடுத்துத் துடைத்தாள். குனிந்தாள்.

"அம்மாடி" என்றாள். "அம்மா முகம் மாதிரியே வட்டமா இருக்குக்கா." சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அக்கா அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு பொய்யால் இவ்வளவு சந்தோஷம் கொடுக்க முடியுமென்றால் கொடுத்துவிட்டுப் போகிறேன், எல்லாப் பாவமும் எனக்கே வரட்டும் என்று நினைத்துக்கொண்டாள். வாயாடி கிண்ணத்தை விரலால் லேசாக நகர்த்தினாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு பேச்சையே காணோம். அவள் முதுகு அக்காவின் கைக்கு அடியில் மெல்ல இறுகியது. பூரித்துப்போய்விட்டாள் என்றுதான் அக்கா எடுத்துக்கொண்டாள்.

"போதும்க்கா" என்று வாயாடி நிமிர்ந்தாள். துணியை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

பேருந்து நிறுத்தம் வரைக்கும் சேர்ந்தே நடந்தார்கள். வாயாடி வழியெல்லாம் பேசினாள். கடைக்கு வந்த ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே அதைத் தேடிக் கடையையே கலக்கியதைச் சொன்னாள். அக்கா சிரித்தாள். நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தபின் வாயாடி தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"அக்கா, அந்தக் கீறல் விழுந்த கிண்ணத்தை நீங்க இன்னும் மாத்தலையா?"

எலுமிச்சையக்கா சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள்.

"கொக்கி மாதிரி, அதே ஓரத்துல. நாள் முழுக்கக் கீறல் பாக்கறதுதானே என் பொழப்பு." வாயாடி புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள். "மாட்டோடது நல்லா வளந்திருக்கு. நீ கெட்டிக்காரிதான். என்னோடது எப்ப போச்சு?"

"போட்ட அந்த வாரமே." இதற்கு மேல் அடக்க முடியாமல் அக்கா எல்லாவற்றையும் கொட்டினாள். பனிக்கட்டியை வர வேண்டாம் என்றது, முதல் நாளே வைட்டமினைப் போட்டது, மேடம் சொன்னது. "நான்தான்டி கெடுத்தேன். எல்லாருக்கும் பாடம் எடுக்கற நானே கெடுத்தேன். என்னைத் திட்டுடி. ரெண்டு அடி வேணாலும் அடி."

வாயாடி திட்டவில்லை. வைட்டமினைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அக்காவின் கண்ணைத் தன் தலைப்பால் துடைத்துவிட்டாள். சின்ன வயதில் அக்கா அவளுக்குத் துடைத்தது மாதிரியே அழுத்தித் துடைத்தாள்.

"போனா போகட்டும்க்கா. ஆனா நீ மட்டும் தனியாப் பாத்துட்டியே. கறுத்துப் போயிருந்தா என்ன, கிழிஞ்சு போயிருந்தா என்ன? அது என்னோடதுதானே? அதைக் காட்டியிருக்கலாம்ல."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இப்ப எங்க இருக்கு? எடுத்து வச்சிருப்பீங்க இல்ல? கையெழுத்துப் போட வந்த அன்னிக்கு ஏதோ தகடுல வைப்போம்னு சொன்னியே." அவள் எழுந்தேவிட்டாள். "வா, திரும்பப் போகலாம். ஒரு நிமிஷம் பாத்துட்டு வந்துடறேன்."

"இல்லடி" என்றாள் அக்கா.

"என்ன இல்ல?"

"எடுத்து வைக்கல. அன்னிக்கே தூக்கிப் போட்டுட்டேன்."

வாயாடி நின்றபடியே நின்றாள். பிறகு, அந்தக் கழிவெல்லாம் எங்கே போகும் என்று மட்டும் கேட்டாள். அக்கா சொன்னாள். பேருந்து வந்தது. வாயாடி ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, எப்போதும் போலக் கையாட்டினாள்.

எலுமிச்சையக்கா இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். தினமும் காலையில் வைட்டமினைக் கடைசியில், கையோடு சேர்க்கிறாள். வைட்டமின் பாழானது அவளை இப்போது அவ்வளவாக வாட்டுவதில்லை. எப்படியும் போயிருக்கலாம் என்று மேடம் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அதை ஒருமாதிரி தாண்டிவிட்டாள். அந்தக் கழிவுப் பைக்குப் போட்ட முடிச்சைத்தான் அவளால் தாண்ட முடியவில்லை. அதை யாரும் அவளைப் போடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை வீட்டுக்குப் போகிறாள். வாயாடி முன்பு போலவே வாய் ஓயாமல் பேசுகிறாள். கடையைப் பற்றி, வீட்டுக்காரரைப் பற்றி, பக்கத்து வீட்டுச் சண்டையைப் பற்றி எல்லாம் பேசுகிறாள். லேப்பில் என்ன நடக்கிறது என்று மட்டும் கேட்பதில்லை.